சிரித்தவர் யார், மெமோ வாங்கியவர் யார்?

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழிலாளர் உரிமை பற்றிப் பேச வேண்டும் என்றுதான் அழைத்தார்கள். கூலி, போனஸ், ஓய்வூதியம் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் விளையாட்டாகத் தோன்றலாம். தகராறு நடக்கும் காலத்தில் வேலையிடத்தில் உலவும் கேலி, அதோடு ஒட்டி வரும் மிரட்டல், அதற்குப் பின்னால் வரும் ஒழுங்கு நடவடிக்கை. இந்த மூன்றையும் நாம் தனித்தனியாகப் பார்க்கிறோம். கேலியைப் பொழுதுபோக்கில் சேர்க்கிறோம், மிரட்டலைப் போலீசில் சேர்க்கிறோம், நடவடிக்கையைக் கோப்பில் சேர்க்கிறோம். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி.

வேலையிடத்தில் ஒரு பேச்சு நகைச்சுவையா குற்றமா என்பதைப் பேச்சில் உள்ள சொற்கள் தீர்மானிப்பதில்லை. யாரிடம் மெமோ எழுதும் பேனா இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. பேனா உள்ளவர் சொன்னால் அது தமாஷ். பேனா இல்லாதவர் சொன்னால் அது ஒழுங்கீனம். இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

மேலிருந்து வரும் சிரிப்பு

நம் மாவட்டத்தின் ஓரத்தில் மாத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. திருச்சி பெல் நிறுவனத்தின் ஆர்டரை நம்பி வெல்டிங்கும் ஃபேப்ரிகேஷனும் நடக்கும் சிறு பட்டறைகள் அங்கே நிறைய. விராலிமலைப் பக்கம் பெரிய ஆலைகளும் வந்துவிட்டன. சிறு பட்டறையில் முதலாளி, சூப்பர்வைசர், வெல்டர், ஹெல்பர் எல்லாரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். அங்கே சங்கம் என்ற பேச்சு எழுந்தால் முதல் எதிர்வினை கடிதமாக வராது, கிண்டலாகத்தான் வரும். “என்ன தலைவரே, கலெக்டர் உங்களைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுறாராமே!” சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கேட்டவரும் சிரிக்கத்தான் வேண்டும். முகத்தைச் சுருக்கினால் ‘இவனுக்குத் தமாஷ்கூடத் தெரியலை’ என்று இரண்டாவது சுற்று தொடங்கும். அடுத்த வாரம் “தலைவருக்கு ரெஸ்ட் வேணும், நாளையிலேருந்து வர வேண்டாம்” என்று சொல்லும்போதும் அதே சிரிப்புதான் இருக்கும். ஆனால் அது உத்தரவு.

ஏன் இப்படி? எழுத்தில் தந்தால் சட்டம் வந்துவிடும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, முறையற்ற தொழிலாளர் நடைமுறைகள் எவை என்று வரிசைப்படுத்தியிருந்தது. சங்கத்தில் சேர்ந்தால் வேலையை விட்டு நீக்குவேன் என்று மிரட்டுவது அதில் முதல் இனத்திலேயே வந்தது. ஆகவே மிரட்டுகிறவர் அதைக் கடிதத்தில் எழுத மாட்டார், கேலியில் பொதிந்து தருவார். நாளைக்கு யாராவது கேட்டால் “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சார்” என்று தப்பிக்கலாம். மறுக்க வசதியான மிரட்டலுக்குக் கேலியைவிட நல்ல உறை கிடையாது.

சிறு பட்டறைகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1946-ஆம் ஆண்டு மத்திய நிலையாணைச் சட்டம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களுக்குத்தான் பொருந்தியது. எது ஒழுங்கீனம், அதற்கு என்ன விசாரணை, என்ன தண்டனை என்று எழுதிவைக்கும் கடமை அதற்குக் கீழே இருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் சூப்பர்வைசரின் மனநிலைதான் விதி. காலையில் அவர் அடிக்கும் கமெண்ட்தான் அன்றைய நோட்டீஸ் போர்டு.

இரண்டு வேலைநிறுத்தங்கள்

எழுதப்பட்ட விதி கட்டுக்கட்டாக உள்ள இடம் அரசுப் பணி. அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். இந்த அரங்கில் பலருக்கு இது சொந்த அனுபவம்.

2003 ஜூலை 2 அன்று தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசின் கையில் ஏற்கெனவே 2002-இன் எஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு) சட்டம் இருந்தது. இரண்டே நாளில், ஜூலை 4 அன்று, விசாரணை இல்லாமலே பணிநீக்கம் செய்ய வழிவிடும் அவசரச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலையை இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மன்னிப்பும், நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியும் எழுதித் தந்து பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஆகஸ்ட் 6 அன்று வந்த டி.கே.ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. 2004 மக்களவைத் தேர்தல் முடிந்ததும் அதே அரசு தன் நடவடிக்கைகளிலிருந்து பின்வாங்கியது.

2003-இல் அரசின் கையில் சட்டம் இருந்தது. 2019-இல் சட்டத்தோடு வாட்ஸ்அப்பும் சேர்ந்தது.

நம் மாவட்டத்துக்கு அந்த 2019 தனியாக நினைவிருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்தது. பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சித் துறை, சத்துணவு ஊழியர், ஆசிரியர் என்று பலரும் ராப்பகலாக உழைத்தார்கள். அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ டிசம்பரில் தொடங்குவதாக இருந்த வேலைநிறுத்தம் தள்ளிப்போய், 2019 ஜனவரி 22 அன்று தொடங்கி 30 அன்று முடிந்தது. கோரிக்கைகளில் முக்கியமானவை இரண்டு. 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத்தைக் கைவிட்டுப் பழைய ஓய்வூதியம் தர வேண்டும். ஊதியக்குழுவின் 21 மாத நிலுவையைத் தர வேண்டும்.

அந்த ஒன்பது நாளில் மீம்ஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரியரின் சம்பளத் தொகையைப் போட்டு, பக்கத்தில் வடிவேலு படத்தை ஒட்டினார்கள். “வாத்தியார் புள்ள எந்த ஸ்கூல்ல படிக்குது?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் தம் பிள்ளையை ஏன் தனியார் பள்ளியில் சேர்க்கிறார் என்பது கேட்க வேண்டிய கேள்வி. ஆண்டு முழுவதும் கேட்க வேண்டிய கேள்வி. அதை வேலைநிறுத்தம் நடக்கும் வாரத்தில் மட்டும் கேட்டால், கேட்கிறவருக்குப் பதில் தேவைப்படவில்லை என்று அர்த்தம். ஓய்வூதியம் பற்றிய பேச்சை நிறுத்துவதுதான் அதன் வேலை.

மறுபக்கத்தில் அரசின் நடவடிக்கை வரிசையாக வந்தது. தற்காலிக ஆசிரியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுப்போம் என்றார்கள். குறித்த நாளுக்குள் திரும்பாதவரின் பணியிடம் காலியானதாகக் கருதப்படும் என்றார்கள். நூற்றுக்கணக்கானோர் சஸ்பெண்ட் ஆனார்கள், பலர் சிறைக்குப் போனார்கள், ஏராளமானோர் கையில் 17பி மெமோ வந்தது. வெளியாருக்கு இது ஒரு எண். அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியும்: 17ஏ என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்றவற்றோடு போகும். 17பி என்றால் பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகலாம். விசாரணை முடியும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தொங்கும். ஓய்வுபெறும் நாளன்று சஸ்பெண்ட் செய்து அனுப்பும் வழக்கமும் இருந்தது.

கேலி இங்கே என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். இத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்க ஓர் அரசுக்குச் சட்ட அதிகாரம் மட்டும் போதாது. அக்கம்பக்கத்தார் “அவங்களுக்கு வேணும்” என்று சொல்லவும் வேண்டும். அந்தச் சம்மதத்தைத் தயாரித்துக் கொடுத்தது கேலிதான். புயலடித்த நவம்பரில் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்த ஆசிரியரை ஜனவரியில் சோம்பேறியாக மாற்ற ஒரு படமும் இரண்டு வரியும் போதுமாக இருந்தன.

பிறகு என்ன ஆனது? 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கும்போது, எடப்பாடி பழனிசாமி அரசே ஒழுங்கு நடவடிக்கைகளையும் வழக்குகளையும் கைவிடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த மு.க.ஸ்டாலின் அரசு போராட்டக் காலத்தைப் பணிக்காலமாக ஏற்றது. ஓய்வுபெறும் நாளில் சஸ்பெண்ட் செய்வதைத் தவிர்ப்போம் என்றும் சட்டமன்றத்தில் சொன்னது. 2003-லும் 2019-லும் ஒரே கதைதான்: இடியாக விழுந்த மெமோ, தேர்தல் காற்றில் பறந்துபோனது. அப்படியானால் அந்த மெமோக்கள் ஒழுக்கத்துக்காக வந்தவையா, அச்சத்துக்காக வந்தவையா? ஒழுங்கீனம் உண்மையானால் தேர்தலுக்காக அது மறையாது.

மெமோவைத் திரும்பப் பெற அரசாணை உண்டு. கேலியைத் திரும்பப் பெற அரசாணை கிடையாது. ‘வேலை செய்யாமல் சம்பளம் வாங்குபவர்’ என்ற பெயர் ஆசிரியர் தலையில் இன்னும் இருக்கிறது.

கீழிருந்து எழும் சிரிப்பு

தொழிலாளர்களும் சிரிக்கத் தெரியாதவர்கள் இல்லை. தமிழ்நாட்டுப் போராட்டக் களத்தைப்போல் வேடிக்கை நிறைந்த களம் குறைவு. நெற்றியில் நாமம் போட்டு நிற்பார்கள். பாடை கட்டி, சங்கு ஊதி, ஒப்பாரி வைப்பார்கள். திருவோடு ஏந்துவார்கள். அதிகாரி வாங்காத மனுவைக் கழுதையிடம் கொடுப்பார்கள். எல்லாமே கேலி, எல்லாமே மேலே பார்த்து வீசும் கேலி.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த இசை நாடகத்துக்கு இந்த ஊர் ஒரு தாய்வீடு. நாடக நடிகர்களுக்குச் சங்கம் வைத்திருக்கும் ஊர் இது. திருவிழா ராத்திரியில் பபூன் மேடையேறி மந்திரியைக் கிண்டலடிப்பார், ஊர்ப் பெரியவரைக் கிண்டலடிப்பார். முன்வரிசையில் பட்டுத்துண்டு போட்டவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். விடியும்வரை பபூனுக்கு மெமோ கிடையாது. விடிந்தபின், அதே வசனத்தை அதே ஊர் அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர் சொன்னால் கிடைக்கும்.

அப்படித் தண்டனை கிடைத்தவர்களின் வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. ராமகாந்த் மிஸ்ரா வழக்கில், 14 ஆண்டு பணியில் இருந்த உத்தரப் பிரதேச மின்வாரியத் தொழிலாளி ஒருவர் தகாத வார்த்தை பேசினார் என்று நீக்கப்பட்டார். 1982-இல் உச்ச நீதிமன்றம், குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமில்லை என்று சொல்லி, நீக்கத்தை ரத்துசெய்து, ஊதிய உயர்வு நிறுத்தம் போதும் என்றது. ஆனால் 2005-இல் மகிந்திரா நிறுவனத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், மேலதிகாரியை ஆபாச வார்த்தையால் திட்டியதற்கு வேலைநீக்கமே பொருந்தும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றில் இரக்கம், மற்றதில் கண்டிப்பு. இரண்டிலும் பேசியவர் தொழிலாளி என்பதைக் கவனியுங்கள். சூப்பர்வைசர் தொழிலாளியைத் திட்டியதற்காக வேலை இழந்து உச்ச நீதிமன்றத்துக்கு அலைந்த வழக்கு எத்தனை கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

நம் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. அந்தக் கிளையில் 2021 டிசம்பரில் ஒரு நல்ல தீர்ப்பு வந்தது. இடதுசாரிக் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக முகநூலில் வேடிக்கையாகப் போட்டார். வாடிப்பட்டி காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்துசெய்து, வேடிக்கையாகப் பேசும் உரிமையைப் பற்றியே விரிவாக எழுதினார். அது தொழில் தகராறு அல்ல. ஆனாலும் நமக்குப் பாடம் இருக்கிறது: பேசியது வேடிக்கையா இல்லையா என்று பார்க்க, பேச்சை மட்டுமன்றி, பேசியவரையும் சூழலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். துறைவாரி விசாரணை நடத்தும் அதிகாரிகள் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் பாதி மெமோக்கள் பிறக்கவே பிறக்காது.

தகராறு நடக்கும்போது பிறக்கும் மெமோவுக்குத் தொழில் தகராறுகள் சட்டம் ஒரு வேலி கட்டியிருந்தது. அதன் 33-ஆம் பிரிவின்படி, பேச்சுவார்த்தையோ வழக்கோ நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புள்ள விஷயத்துக்காக ஒருவரை நீக்க முன் அனுமதி வேண்டியிருந்தது. வேறு ஒழுங்கீனத்துக்காக நீக்கினாலும் ஒரு மாதச் சம்பளம் தந்து, ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் நீக்கமே செல்லாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. போக்குவரத்துக் கழகத் தோழர்களுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். இதன் உள்ளர்த்தம் எளியது: சண்டை நடக்கும்போது ஒரு தரப்பு மட்டும் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது.

பெண்களைப் பார்த்துச் சிரிப்பது

கேலி மிகவும் கொடூரமாவது பெண்கள் போராடும்போது. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பழைய சங்கங்களையே ஒதுக்கிவைத்து, பெம்பிளை ஒருமை என்று தாங்களே திரண்டார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதத்தை வாங்கினார்கள். 2017 ஏப்ரலில் கேரள மின்துறை அமைச்சர் எம்.எம்.மணி, அந்தப் போராட்ட நாட்களைப் பற்றி ஆபாசமாகப் பொருள்படும்படி ஒரு கூட்டத்தில் பேசினார். பெண்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. தோட்ட முதலாளி சொல்லாததைத் தொழிலாளர் கட்சித் தலைவர் சொன்னார் என்பது நாம் விழுங்க வேண்டிய கசப்பு.

நம் மண்ணிலும் இது நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாகப் போனது. கல்குவாரிப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள், குத்தகையையும் தங்கள் கைக்குக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறியபோது தெருமுனையிலிருந்து வந்த வசனங்களை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். வயதான அக்காக்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கமெண்ட்டுகளின் குறி சைக்கிள் அல்ல. கூலிக்குக் காண்ட்ராக்டர் கையையே பார்த்துக்கொண்டிருந்த பெண், தானே குவாரிக்கும் சந்தைக்கும் போய்விடுவாளே என்பதுதான்.

பெண்களுக்கு மட்டும் சட்டம் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தலாகவே எண்ணுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பது அங்கே செல்லாது. அதே நியாயத்தை மற்ற மிரட்டல் கேலிக்கும் நீட்டினால் என்ன?

சங்கத்துக்குள்ளும் ஒரு பேனா

ஒரு கணக்கைத் தீர்த்துவிட்டு முடிக்கிறேன். போராட்டத்துக்கு வராதவரைக் ‘கருங்காலி’ என்கிறோம். அது அரசியல் வசவு, அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆனால் அவர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் கிண்டல் செய்வது, அவர் மனைவியைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது, அவர் சாதியை இழுப்பது எல்லாம் போராட்டம் அல்ல. ஆயிரம் பேர் ஒரு பக்கம் நிற்கும்போது தனியே நிற்பவருக்குச் சங்கம்தான் அதிகாரம். நிர்வாகத்தின் கேலியை எந்தத் தராசில் நிறுக்கிறோமோ அதே தராசில் நம் கேலியையும் வைக்க வேண்டும்.

அந்தத் தராசுக்கு மூன்று கேள்விகள் போதும். சொன்னவர் கேட்டவரின் சோற்றில் கைவைக்கக் கூடியவரா? கேட்டவர் அதே தொனியில் பதில் சொல்லிவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வர முடியுமா? தகராறு இல்லாத காலத்தில் இந்தக் கேலி இதே ஆளை நோக்கி வந்திருக்குமா? மூன்றுக்கும் சாதகமான பதில் கிடைத்தால் அது நகைச்சுவை, சேர்ந்து சிரிக்கலாம். இல்லையென்றால் அது மிரட்டல்.

செய்ய வேண்டிய வேலைகளும் இரண்டு இருக்கின்றன. சங்கங்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். தகராறு தொடங்கிய நாளிலிருந்து யார், யாரிடம், எப்போது, யார் முன்னால் என்ன ‘விளையாட்டுக்குச்’ சொன்னார் என்று தேதியிட்டு எழுதுங்கள். ஒரு கேலி சாட்சியாகாது. ஒரே ஆளை நோக்கி இருபது நாளில் பதினைந்து முறை வந்த கேலி, தொழிலாளர் துறை அதிகாரியின் மேசையில் சாட்சியாகும். தண்டனை அதிகாரம் உள்ளவர்களுக்கு அடுத்தது: வேலைநிறுத்தச் சூட்டில் பேசிய பேச்சுக்குத் தகராறு தீர்வதற்கு முன் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவாகச் சேருங்கள். தேர்தலுக்கு முன்னால் கிழிக்கப்போகிற மெமோவை எழுதாமல் இருப்பது கருவூலத்துக்கும் மிச்சம், மரியாதைக்கும் மிச்சம்.

அதிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பதற்குத் துணிச்சல் வேண்டும்; அதிகாரத்தில் இருந்துகொண்டு சிரிப்பதற்கு நாற்காலி போதும். நம் சட்டம் இன்றைக்கும் துணிச்சலைத்தான் விசாரிக்கிறது. நாற்காலியையும் விசாரணைக்கு அழைக்க வேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் கோரிக்கை.